கழுத்துக்குக் கீழே இறங்காத கூஜா

தெலாவிக்குப் பக்கத்தில், நம் வீடு
மே மாதம், மழை விட்ட நாலாம் நாள்

பாசத்துக்கும் பயத்துக்கும் உரிய லமாரா அக்காவுக்கு,

தங்கை எத்தேரி எழுதுவது. இங்கே நானும் என் வீட்டுக்காரர் மல்காஸும் நாத்தனார் நூனுவும் நலம். கொடிகள் எங்களைவிட நலம். அங்கே இத்தாலியில், பாரி நகரத்தில் உன் முழங்காலும், நீ பார்த்துக்கொள்ளும் அந்த அம்மாளின் இரத்த அழுத்தமும் சொன்ன பேச்சைக் கேட்டு நடக்கின்றன என்று நம்புகிறேன். நீ வேன்காரரிடம் கொடுத்தனுப்பிய ஆறு கண்ணாடிக் கிண்ணங்களும் கீறல் இல்லாமல் வந்து சேர்ந்தன. நீளமான தண்டோடு, ஒற்றைக் காலில் நிற்கும் கொக்குகள் மாதிரி அழகாக இருக்கின்றன. மூச்சுப் பட்டாலே உடைந்துவிடும் என்று நூனு அண்ணி அவற்றை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். கூடவே நீ அனுப்பிய, ஒயினை எப்படி ருசித்து எப்படி வர்ணிப்பது என்ற இத்தாலியக் கையேட்டையும் அகராதி வைத்துக்கொண்டு படித்தேன். அதில் ‘ஈர நாயின் வாசனை’ என்று ஒரு வர்ணனை இருக்கிறது. நம் வீட்டில் அதற்கு ஒயின் தேவையில்லை, நாயே இருக்கிறது.

முந்தாநாள் போனில் நீ, “கடைசில யார் ஒயின்டி கல்யாணத்துக்கு?” என்று கேட்டபோது, விவரமாக எழுதுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. மல்காஸ் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். அவர் காதுபடச் சொல்லியிருந்தால் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு வாழ்த்துரை சேர்த்திருப்பார். உன் மாதச் சம்பளம் போனுக்கே போயிருக்கும். அதனால் விடையை இங்கே முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நம் ஒயின்தான். சம்பந்தியே எழுந்து நின்று, தன் வாயால் ஒப்புக்கொண்டு, நம் ஒயின்தான். நான் பெருமை பேசுகிற ஆள் இல்லை என்பது உனக்குத் தெரியும். கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறவள், எதையும் இரண்டு முறை சோதித்துப் பார்க்காமல் நம்பாதவள். இந்தக் கடிதத்தில் மட்டும் கொஞ்சம் பேசப்போகிறேன். பொறுத்துக்கொள்.

தகராறு எப்படித் தொடங்கியது என்பது உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். நம் பெண் தேக்லாவுக்கும் பெசோவுக்கும் கல்யாணம் பேசி முடித்தபோது, இரண்டு விருந்து வேண்டாம், கோரி பக்கம் நடுவழியில் ஒரு மண்டபம் பிடித்து ஒரே விருந்தாக வைத்துக்கொள்வோம் என்று இரண்டு வீட்டாரும் சிரித்துக்கொண்டே முடிவு செய்தார்கள். மண்டபம் சரி, கறி சரி, பாட்டுக்காரர்கள் சரி. ஒயின் என்று வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. பெசோவின் அப்பா ஜும்பேர் மேற்கே இமெரெத்திக்காரர். தேன் ஒழுகப் பேசுவார். மறுப்பதைக்கூடக் கையை முத்தமிட்டுத்தான் மறுப்பார். “சம்பந்தி, உங்க கண்ணு என் கண்ணு மாதிரி. ஆனா ஒரே பையன் கல்யாணத்துல என் ஒயின் ஓடலைன்னா எங்கப்பா கல்லறையிலேருந்து எழுந்து வந்து கேப்பாரு” என்றார். மல்காஸ் நம் ககேத்திக்காரர், அவருக்குத் தேன் தெரியாது. “அவர் எழுந்து வந்தா எங்க ஒயினை ஒரு கிண்ணம் குடுங்க, நிம்மதியாத் தூங்குவாரு” என்றார். அன்றிலிருந்து இரண்டு பேரும் நேரடியாகப் பேசிக்கொள்ளவில்லை. ஈஸ்டருக்குப் பிறகு, பையன் பிரம்மச்சாரியாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று அங்கிருந்து ஒரு செய்தி வந்தது. பெண்ணுக்கு நம் வீட்டில் இடம் இருக்கிறது என்று இங்கிருந்து ஒரு செய்தி போனது. தேக்லா இரண்டு நாள் சாப்பிடவில்லை. பெசோ பாவம், தலைநகரத்திலிருந்து பஸ் பிடித்து வந்து, இரண்டு ஒயினையும் வைத்தால் என்ன என்று கேட்டான். அதற்குத்தான் இரண்டு அப்பாக்களும் முதல்முறையாக ஒரே கருத்துக்கு வந்தார்கள்: இரண்டையும் வைத்தால் எது முதலில் தீர்ந்தது என்று ஊர் பார்க்கும். தங்கள் ஒயின் மீந்துபோகுமோ என்ற பயம் இரண்டு பேருக்கும் உள்ளூர இருந்தது என்பது என் கணிப்பு. ஆண்கள் அதை மானம் என்பார்கள்.

இந்தக் கட்டத்தில்தான் நான் தலையிட்டேன். வாயால் தீராத வழக்கை நாக்கால் தீர்ப்போம், யாருடையது எது என்று தெரியாமல் ருசி பார்ப்போம், ஜெயித்தது கல்யாணத்துக்குப் போகட்டும் என்றேன். இரண்டு பேரும் உடனே சம்மதித்தார்கள், தோற்கப் போவது அடுத்தவர்தான் என்று இரண்டு பேருக்கும் தெரியும். நடுநிலைக்கு நம் பக்கத்து வீட்டு நெஸ்தோரை அழைத்தேன். ராச்சா மலைக்காரர், ஓய்வுபெற்ற பூகோள ஆசிரியர், விருந்தை முன்னின்று நடத்தும் தாமதாவாக உட்கார்ந்து வாழ்த்துரை சொல்வதில் பெயர் பெற்றவர். மலைக்காரர்கள் பேச்சு எவ்வளவு நிதானம் என்று உனக்கே தெரியும். அவர் ‘வணக்கம்’ சொல்லி முடிப்பதற்குள் வந்தவர் விடைபெற்றுப் போய்விடலாம். தன் ஊர் இனிப்புச் சிவப்பையும் சேர்த்தால்தான் வருவேன் என்று அவர் ஒரு நிபந்தனை போட்டார். நல்லதாய்ப் போயிற்று, ஒப்பீட்டுக்கு மூன்றாவது ஒன்று இருப்பது சோதனைக்கு அழகு.

சோதனையை நான் எப்படி அமைத்தேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதி கொடு. இந்த வீட்டில் அதைக் கேட்க ஆளில்லை. நிறத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்கள். நம்முடையது தோலோடு குளிர்காலம் முழுக்கச் சாடியில் கிடந்து தேநீர் நிறத்தில் வருவது, அவர்களுடையது வைக்கோல் நிறம், ராச்சாவுடையது மாதுளை. அதனால்தான் உன் கண்ணாடிக் கிண்ணங்களை வைக்கவில்லை அக்கா, வருத்தப்படாதே. உள்ளே இருப்பது தெரியாதபடி கறுப்பு மண் கிண்ணங்களாகப் பார்த்து வாங்கினேன். ஒரே மாதிரி மூன்று மண் கூஜாக்கள், ஒன்று இரண்டு மூன்று என்று சுண்ணாம்புக் கட்டியால் எண்கள். எதில் எது என்று எனக்கு மட்டும் தெரியும்: முதலாவது நம்முடையது, இரண்டாவது சம்பந்தியுடையது, மூன்றாவது நெஸ்தோருடையது. யாரும் நடுவில் போய் எதையும் மாற்றிவிடக்கூடாது என்று முற்றத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் சாடி அறையைப் பூட்டிச் சாவியை என் பையில் போட்டுக்கொண்டேன். மல்காஸுக்கு அது அவமானமாக இருந்தது, சொந்த வீட்டில் சொந்தச் சாடிகளைப் பூட்டுவதா என்று காலையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். கூஜாவில் யாரும் கை வைக்கக்கூடாது என்று நூனு அண்ணியிடமும் கண்டிப்பாகச் சொன்னேன். “நான் ஏன் கை வெக்கிறேன், எனக்கு அடுப்பு இருக்கு” என்றார். கடைசியாக, கையேட்டில் போட்டிருந்தபடி, ருசி பார்த்துவிட்டுத் துப்புவதற்கு மேசையருகே ஒரு நீல வாளி வைத்தேன். என் தவறு அந்த வாளிதான், வேறெதுவும் இல்லை.

ஞாயிறு அன்று கொட்டுகிற மழையில் சம்பந்தி வீட்டார் வந்து இறங்கினார்கள். ஜும்பேர், அவர் மனைவி குலிக்கோ, பெசோ. வெறுங்கையோடு வருகிற வம்சமா அது? சோதனைக்கு என்று முத்திரை வைத்த ஒரு குடுவை தனியாக. வீட்டுக்கு என்று பாலாடைக்கட்டி, வால்நட் கோத்த திராட்சைப்பாகு மிட்டாய், ஒரு கோழி, அதோடு தூக்க இரண்டு ஆள் வேண்டிய பிளாஸ்டிக் கேனில் அவர்கள் ஒயின். மல்காஸ் அந்தக் கேனை ஒரு பார்வை பார்த்தார். “செடிக்கு ஊத்தக் குடுத்துருக்காங்க போல” என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார். நூனு அண்ணி வாயெல்லாம் பல்லாக அதை வாங்கிச் சமையலறை மேசைக்கடியில் தள்ளிவிட்டார். நான் முத்திரையை உடைத்து, கதவைச் சாத்திக்கொண்டு, கூஜாக்களை நிரப்பி, எல்லோரையும் உட்காரவைத்தேன். பெசோ ஊற்றுவது என்று ஏற்பாடு. தேக்லா எதிரே கையைக் கட்டிக்கொண்டு, தேர்வு முடிவுக்கு நிற்கிறவள் மாதிரி நின்றாள்.

முதல் கூஜா ஊற்றியாயிற்று. ஒரு வாய் எடுத்து, நாக்கில் உருட்டி, வாளியில் துப்பிவிட்டு, மனதில் பட்டதைச் சொல்லுங்கள் என்றேன். யாரும் அசையவில்லை. எல்லோரும் நெஸ்தோரைப் பார்த்தார்கள். வாழ்த்தில்லாமல் எப்படிக் குடிப்பது? அவர் கிண்ணத்தோடு எழுந்து நின்று, கடவுளின் கருணையில் தொடங்கி, காகசஸ் மலை எப்படி உண்டாயிற்று என்பது வழியாக, உலக அமைதிக்கு வந்து சேர்ந்தபோது ரொட்டி ஆறிவிட்டிருந்தது. எல்லோரும் ஒரே மூச்சில் குடித்தார்கள். நான் வாளியைக் காட்டினேன். நெஸ்தோர் வாளியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “புரொபசரம்மா… இப்பத்தான்… அமைதிக்காகக் குடிச்சோம். அதைத் துப்பிட்டா… சண்டை வேணும்னு அர்த்தமாயிடாதா?” என்று கேட்டார். நான் வாளியைக் கொஞ்சம் தள்ளி வைத்தேன். அடுத்த கூஜா மணமக்களுக்கு என்று வாழ்த்தினார்; அதைத் துப்பச் சொல்ல எனக்கே வாய் வரவில்லை. குலிக்கோ எழுந்து தன் ஈரக் குடையை வாளியில் சொருகினார். அன்று முழுக்க அந்த வாளி செய்த வேலை அது ஒன்றுதான்.

ஆனால் முதல் சுற்றில் அவர்கள் வர்ணித்ததைக் கேட்டபோது என் சந்தேகப் புத்தி கொஞ்சம் அடங்கியது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். எது யாருடையது என்று தெரியாமலே முதல் கூஜாவைக் குடித்துவிட்டு ஜும்பேர், மன்னிப்புக் கேட்கிற குரலில், “தப்பா நினைக்காதீங்க, பல்லுக்கு பூட்ஸ் மாட்டிவிட்ட மாதிரி இருக்கு” என்றார். அந்தத் துவர்ப்பு நம் ஊருடையதுதான். மல்காஸ் இரண்டாவதைக் குடித்துவிட்டு, “திராட்சையைக் குளிப்பாட்டின தண்ணியா இது?” என்றார். மூன்றாவதைப் பற்றி இரண்டு பேரும் ஒன்றுபட்டார்கள்: குழந்தைக்குக் கசப்பு மருந்து கொடுத்தபின் கொடுக்கலாம். நெஸ்தோர் கோபப்படவில்லை. “எங்க ஊர்ல… இதைக் குடிச்சுட்டுத்தான்… பேச்சையே தொடங்குவோம்” என்றார். “அதான் இன்னும் முடியலையா?” என்றார் ஜும்பேர். மல்காஸ் சிரித்துவிட்டார். ஒரு மாதத்துக்குப் பிறகு சம்பந்தி சொன்ன ஒன்றுக்கு அவர் சிரித்தது அப்போதுதான். நானும் என் பங்குக்கு ருசித்துப் பார்த்தேன். முதலாவதில் காய்ந்த சர்க்கரைப் பாதாமி, வால்நட்டின் மெல்லிய தோல், ஆறிய கறுப்புத் தேநீர். இரண்டாவதில் எலுமிச்சைத் தோல், காய் ஆப்பிள், மழை நனைத்த கூழாங்கல். மூன்றாவதில் ராஸ்பெர்ரிப் பாகு. பார்த்தாயா அக்கா, நாய் இல்லாமலே வர்ணிக்கலாம். ஆனால் தீர்ப்பு வரவில்லை. மல்காஸுக்கு முதலாவது, ஜும்பேருக்கு இரண்டாவது, நெஸ்தோருக்கு மூன்றாவது. அவரவர் நாக்கு அவரவர் வீட்டுக்கே போயிற்று. தேக்லா என் காதருகே வந்து, “இது முடியறதுக்குள்ள எனக்கு நரைச்சிடும்மா” என்றாள்.

இரண்டாம் சுற்றுக்கு இறந்தவர்களை நினைத்து வாழ்த்து. எல்லோரும் எழுந்து தலை குனிந்து நின்றோம். நெஸ்தோர் நம் அப்பாவில் தொடங்கினார், ஜும்பேரின் அப்பாவுக்குப் போனார், பிறகு போர்களில் இறந்தவர்கள், பூகம்பங்களில் இறந்தவர்கள், கல்லறையில் பெயர் இல்லாதவர்கள் என்று ஒருவரையும் விடவில்லை. காலிக் கிண்ணத்தோடு நின்று கால் மரத்துவிட்டது. நூனு அண்ணி மட்டும் எங்கள் முதுகுக்குப் பின்னால் ரொட்டியும் கீரையும் கறியுமாக ஓசைப்படாமல் நடமாடிக்கொண்டிருந்தார். அப்புறம்தான் பெசோ ஊற்றினான், குடித்தோம், கூஜா ஒவ்வொன்றாக. இங்கேதான் எனக்கு உண்மையான வியப்பு. முதல் கூஜா இளகியிருந்தது. பூட்ஸைக் கழற்றிவிட்டதா என்று கேட்க நினைத்தேன், அதற்குள் ஜும்பேரே புருவத்தைத் தூக்கினார். மூன்றாவதில் இனிப்பு அடங்கி, ஒரு கண்ணியம் வந்திருந்தது. இரண்டாவது மட்டும் இருந்தபடியே இருந்தது. காற்றுப் பட்டால் ஒயின் விரியும், துவர்ப்பு மென்மையாகும், இது வேதியியல். மேசையில் அதை விளக்கினேன். சாடியில் அடைந்துகிடந்த நல்ல ஒயின் திறந்தபின் எப்படித் தன்னைக் காட்டும் என்றும், சாதாரண ஒயின் மாறாமல் அப்படியே கிடக்கும் என்றும், பெயர் சொல்லாமல் ஒரு சின்ன உரையே ஆற்றினேன். எல்லோரும் தலையாட்டிக் கேட்டார்கள். என் மாணவர்கள் அப்படிக் கேட்டதில்லை.

மூன்றாம் சுற்றுக்கு அம்மாக்களை வாழ்த்தினோம். மழை நின்று முற்றத்தில் வெளிச்சம் வந்திருந்தது. முதல் கூஜாவைக் குடித்ததும் ஜும்பேர் கிண்ணத்தைக் கீழே வைக்கவில்லை. மறுபடி மோந்து பார்த்தார். இரண்டாவதைக் குடித்தார், மூன்றாவதைக் குடித்தார், திரும்ப முதலாவதுக்கு வந்தார். கண்களை மூடிக்கொண்டார். குலிக்கோ அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார், இழுத்தும் அவர் எழுந்து நின்றுவிட்டார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஒரு சொல் கூட்டவில்லை:

“ரெண்டாவதுல இருக்கற எல்லாம் இதுல இருக்கு. அதுல இல்லாத ஒண்ணும் இதுல இருக்கு. என்னன்னு சொல்லத் தெரியலை. எங்கப்பா செஞ்ச ஒயினை நினைச்சுக்கிட்டேன். பொய் சொல்லிக் குடிக்க எனக்குப் பழக்கமில்லை சம்பந்தி. முதல் கூஜாதான்.”

நெஸ்தோரும் முதல் கூஜா என்றார். தன் ஊர் ஒயினுக்கு இன்று தன்மேல் ஏதோ மனஸ்தாபம், பேசவே மாட்டேன் என்கிறது என்று வருத்தப்பட்டார். மல்காஸ் ஆரம்பத்திலிருந்தே முதல் கூஜா. நான் கூஜாவைத் தூக்கி, அடியில் வைத்திருந்த சீட்டை எடுத்து ‘மல்காஸ்’ என்று படித்தேன். மல்காஸ் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். குதிப்பார் என்று நினைத்தேன். இல்லை. ஜும்பேர் நாற்காலி வரைக்கும் போய், நம் தாத்தாவின் வெள்ளிப் பூண் போட்ட கொம்புக் கிண்ணத்தில் முதல் கூஜாவை ஊற்றி, அவர் கையில் கொடுத்து, “இது எங்கப்பா காலடி மண்ணு சம்பந்தி. இந்தத் துவர்ப்பு இருக்கே, இது வேற எந்த மண்ணுலயும் வராது. ஆனா அதைக் கண்டுபிடிக்க உங்க நாக்கு வேணும்” என்றார். தேன் தெரியாத மனிதர் சொன்னது இது. இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். பெசோவும் தேக்லாவும் சமையலறைப் பக்கம் காணாமல் போனார்கள், அதை நான் கவனிக்காத மாதிரி இருந்துவிட்டேன்.

அக்கா, அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. நான் விருந்தில் வாழ்த்துரை சொன்னதே கிடையாது, உனக்குத் தெரியும். கல்யாணமான நாளிலிருந்து ஒவ்வொரு வசந்தத்திலும் சாடியைத் திறந்ததும் மல்காஸ் முதல் கரண்டியை என்னிடம்தான் நீட்டுவார். “எப்படி இருக்கு?” என்று கேட்பார். அமிலம் கொஞ்சம் குறைவு என்று சொல்வேன். அது உண்மை, அளந்து பார்த்த உண்மை. அவர் சரி என்று தலையாட்டிவிட்டு மூடியைப் போடுவார். அன்று நான் கிண்ணத்தோடு எழுந்தேன். நெஸ்தோர்கூட உட்கார்ந்துவிட்டார். “இவர் ஒயினுக்கு அமிலம் குறைவுன்னு இத்தனை வருஷமாச் சொல்லிட்டிருந்தேன். இன்னிக்குக் குறையே இல்ல. இது என் வீட்டுக்காரர் செஞ்ச ஒயின்” என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். மல்காஸ் என் கிண்ணத்தை வாங்கி, நான் குடித்த பக்கத்திலேயே வாய் வைத்து மிச்சத்தைக் குடித்தார். எல்லோர் முன்னாலும். எனக்கு ஐம்பது வயது ஆகப்போகிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்.

ஆக, செப்டம்பரில், அறுவடைக்கு முன், கோரி மண்டபத்தில் நம் ஒயின் ஓடும். ஜும்பேர் ஒரு குடுவைகூடக் கொண்டுவர மாட்டேன் என்று கொம்பின்மேல் சத்தியம் செய்துவிட்டுப் போயிருக்கிறார். தெலாவிக் கடைத்தெருவுக்குள் மல்காஸ் இப்போது மெதுவாகத்தான் நடக்கிறார், யாராவது நிறுத்திக் கேட்கட்டும் என்று. நானும் ஒரு திருப்தியை மறைக்க விரும்பவில்லை: ஒழுங்காக வடிவமைத்த ஒரு சோதனை இரண்டு குடும்பங்களை ஒன்று சேர்த்திருக்கிறது. உணர்ச்சியால் முடியாததை முறை செய்து காட்டியது. அடுத்த ஆண்டு மாணவர்களுக்கு இதை உதாரணமாகச் சொல்லலாம் என்று இருக்கிறேன்.

உன் வாசலில் செருப்பு குறையாதிருக்கட்டும், உன் முழங்காலுக்குப் படிக்கட்டு வாய்க்காதிருக்கட்டும், சீக்கிரம் ஊர் வந்து சேரும் பாதை உனக்குத் திறக்கட்டும். மல்காஸ் உன் கையை முத்தமிடச் சொன்னார். நூனு அண்ணி விசாரித்தார். தேக்லா, சித்தப்பா பெரியப்பா யாரையும் அழைக்காவிட்டாலும் பெரியம்மா வராமல் கல்யாணக் கிரீடம் தலையில் ஏறாது என்கிறாள்.

உன் அன்புத் தங்கை,
எத்தேரி

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டிவிட்டேன், பிறகு திறந்து இதை எழுதுகிறேன். வேன் நாளைக் காலை புறப்படுகிறது. பாலாடைக்கட்டியோடு ஜெயித்த ஒயினில் ஒரு பாட்டில் உனக்கு அனுப்பலாமே என்று தோன்றி, முதல் கூஜாவில் மிச்சம் இருந்தால் ஊற்றிக் கொடுங்கள் என்று நூனு அண்ணியைக் கேட்டேன். “கூஜாவுல ஏது? கேனும்தான் காலியாயிருச்சே” என்றார். எந்தக் கேன் என்று கேட்டேன். மேசைக்கடியிலிருந்து சம்பந்தியின் பிளாஸ்டிக் கேனை இழுத்துக் கவிழ்த்துக் காட்டினார். ஒரு சொட்டு விழவில்லை.

கூஜாவில் கை வைக்கக்கூடாது என்று சொன்னேனே அண்ணி என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. “கூஜாவுல யாரு கை வெச்சா? மேலேருந்து ஊத்தினேன். சம்பந்தி வந்து உக்காந்திருக்காரு, கூஜா கழுத்துக்குக் கீழ எறங்கிக் கெடக்கு, அதைப் பாத்துக்கிட்டு நிக்கச் சொல்றியா? இந்த வீட்டு மானம் என்னாகிறது? நீதான் சாடி அறையைப் பூட்டிச் சாவியைப் பையில போட்டுக்கிட்டே. வேற எங்க போவேன்? நீங்கல்லாம் செத்தவங்களுக்காகத் தலை குனிஞ்சு நின்னீங்க, அப்பவே மூணையும் ரொப்பிட்டேன். அம்மாக்களுக்கு நிக்கறப்போ இன்னொரு தரம்.”

உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். மூன்றாம் சுற்றில் எங்கள் முன்னால் இருந்தது கிட்டத்தட்ட ஒரே ஒயின், மூன்று கூஜாக்களில். முதல் கூஜாவின் அடியில் நம்முடையது கொஞ்சம் கிடந்திருக்கும், ஜும்பேர் சொல்லத் தெரியவில்லை என்றாரே, அந்த ‘ஒண்ணு’. மற்றபடி அவர் தன் ஒயினைத்தான் கண்டுபிடித்தார், அப்பாவை நினைத்துக்கொண்டதில் பிழையில்லை. மல்காஸ் தன் அப்பாவின் காலடி மண் என்று அழுதது இமெரெத்தி மண்ணுக்கு. மூன்றாவதில் வந்த கண்ணியமும், காற்றைப் பற்றி நான் ஆற்றிய உரையும் எங்கிருந்து வந்தன என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த அமிலம் எங்கிருந்து வந்தது என்றும்.

சாவியை எடுத்துக்கொண்டு சாடி அறைக்குப் போய், கல்யாணத்துக்கு என்று ஒதுக்கிய சாடியைத் திறந்து, ஒரு கரண்டி மொண்டு குடித்தேன். ஜெயித்ததைவிட இதுதான் நன்றாக இருக்கிறது என்று உனக்கு எழுத எவ்வளவு ஆசை தெரியுமா? நல்ல ஒயின் அக்கா. பாதாமி இருக்கிறது, வால்நட் இருக்கிறது. அமிலம் கொஞ்சம் குறைவு. சம்பந்தியுடையது கொஞ்சம் கலந்தால் எடுப்பாக இருக்கும். அப்போது மல்காஸ் வாசலில் வந்து நின்று, “எப்படி இருக்கு?” என்று கேட்டார். “அன்னிக்குக் குடிச்ச மாதிரியேதான்” என்றேன். இத்தனை வருடத்தில் அளக்காமல் நான் சொன்ன முதல் பதில் அது.

இந்த விஷயம் எனக்கும் நூனு அண்ணிக்கும் குலிக்கோவுக்கும், இப்போது உனக்கும் மட்டும்தான் தெரியும். சத்தியம் போட்டது ஜும்பேர்தான், அவர் மனைவி போடவில்லை. குலிக்கோவிடம் போனில் ரகசியமாகப் பேசிவிட்டேன். மண்டபத்துச் சமையலறைக்கு, செடிக்கு ஊற்ற என்று, நாலு கேன் வரும். கல்யாணத்தன்று கூஜாக்களை நிரப்பும் பொறுப்பு முழுவதையும் நூனு அண்ணியிடம் ஒப்படைத்துவிட்டேன். எதிலும் கை வைக்க மாட்டேன் என்று உறுதி கொடுத்திருக்கிறார்.

நீ கல்யாணத்துக்கு வரும்போது இன்னும் ஒரு பெட்டி கண்ணாடிக் கிண்ணம் கொண்டுவருவதாகச் சொன்னாயே, தயவுசெய்து வேண்டாம். நிறம் தெரிந்துவிடும்.